வேகத்தைக் குறைச்சா சாமி நினைப்பு நிக்குமா? செய்முறை மட்டும் பேசுற இழை

ரெண்டாம்ஷிப்ட் (ஓசூர்)

நேரா விஷயத்துக்கு வர்றேன். சிப்காட் பக்கம் மூணு ஷிப்ட் சுத்துது: காலை 6–2, மதியம் 2–10, ராத்திரி 10–6. வாரம் மாறினா ஷிப்ட்டும் மாறும். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அதுக்கும் ஒரு மணி நேரம் முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்பணும். இவங்ககிட்ட போய் "பிரம்ம முகூர்த்தத்துல எழுந்து அரை மணி நேரம் உக்காரு"ன்னு சொன்னா எப்படி? ராத்திரி ஷிப்ட்காரன் அந்த நேரம் மெஷின் முன்னாடி நிக்கிறான்.

விளக்கு வெக்கிறாங்க, கும்பிடுறாங்க, தொழறாங்க, ஜெபம் சொல்றாங்க. எல்லாமே ஓட்டத்துலதான். கை கூப்பும்போது எதிர்ல ஒருத்தர் இருக்கார்ங்கிற நினைப்பே இல்ல. அந்த நினைப்பு வர என்ன பண்ணணும்? எத்தனை நிமிஷம், எதை முதல்ல, எங்க தப்பு வரும், ஏன் வரும்னு சொல்லுங்க. எந்த மதத்து வழியா இருந்தாலும் சரி. தத்துவம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

களித்துடுப்பு (காரிமங்கலம்)

தனியா நேரம் தேடாதீங்க தம்பி, கிடைக்கவே கிடைக்காது. கை வேலையா இருந்து மனசு சும்மா அலையுற நேரம் ஒரு நாள்ல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. நம்ம பக்கம் களி கிண்டுறதையே எடுத்துக்கலாம்.

ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி, ஒரு கைப்பிடி நொய். நொய் நல்லா வெந்ததும் மாவைக் குவியலாக் கொட்டி, துடுப்புக் காம்பால நடுவுல ஒரு குழி போட்டு, தீயை அடக்கிட்டு எட்டு, பத்து நிமிஷம் தொடாம விடணும். இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் சொல்ல வந்தேன். மாவு ஆவியில வேகுற நேரம் இது. பொறுக்காம உடனே துடுப்பைப் போட்டா மேல வெந்தும் உள்ள வேகாமலும் கட்டி தட்டிடும். அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் அந்தக் கட்டி உடையாது, வாயில பச்சை மாவா நிக்கும்.

எல்லா வீட்லயும் இந்தப் பத்து நிமிஷத்துலதான் போன் கைக்கு வருது. அதை அடுப்படிக்கு வெளிய வெச்சுட்டு பானை முன்னாடியே நில்லுங்க. சத்தத்தைக் கேளுங்க. முதல்ல தண்ணி களக் களக்னு கொதிக்கும். கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தம் அமுங்கி, குழி வழியா புஸ்... புஸ்னு ஆவி விட்டு விட்டு வரும். ஒவ்வொரு புஸ்ஸுக்கும் ஒரு பேர். முருகான்னோ, இயேசுவேன்னோ, யா அல்லாஹ்ன்னோ, உங்க வாயில எது வருதோ அது. அப்புறம் கிண்டும்போது ஒரு சுத்துக்கு ஒரு பேர். களி பானையை விட்டு உருண்டு வந்ததும் நிறுத்திடுங்க. எண்ணிக்கை வேண்டாம். எண்ண ஆரம்பிச்சா மனசு கணக்குல போயிடும்.

பூ கட்டுறவங்களுக்கு இது இன்னும் சுலபம். ஒரு கண்ணிக்கு ஒரு பேர். ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தி கட்டுற வீடுகள்ல போய்ப் பாருங்க, வாய் தானா முணுமுணுக்கும்.

ஒண்ணு மட்டும் முக்கியம்: பிரஸ், லேத், கட்டிங் மெஷின் முன்னாடி இதைப் பண்ணாதீங்க. விரல் போயிடும். அங்க கவனத்தை வேலையில வெக்கிறதே கும்பிடுறதுதான்.

கோட்டைத்திண்ணை (தர்மபுரி)

அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அதை இரண்டாம் படியாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு நடுவே நினைப்பு வர வேண்டுமானால், வேலை இல்லாத ஓரிடத்தில் அது முதலில் பழகியிருக்க வேண்டும். ஒரு நாளில் ஒரே ஒரு முறை, ஒரே இடம், ஏழு நிமிடம் போதும். எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகார நேரத்தோடு கட்டினால் வாரத்துக்கு ஒருமுறை அறுந்துவிடும். கிளம்பும் செயலோடு கட்டினால் அறுகாது.

விளக்கு ஏற்றுவதையே எடுத்துக்கொள்வோம். அவசரத்தில் எப்படி ஏற்றுகிறோம்? காய்ந்த திரியைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, அதே நொடியில் தீக்குச்சி. குப்பென்று பிடிக்கும், நுனி கருகும், அணையும். மறுபடி குச்சி. காரணம் எளிது. எரிய வேண்டியது எண்ணெய். அதை மேலே இழுத்துக் கொடுப்பதுதான் திரியின் வேலை. எண்ணெய் நுனிக்கு வந்து சேருமுன் தீ வைத்தால் பஞ்சுதான் எரியும். திரியை எண்ணெயில் முழுக்க முக்கி இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். பிறகு நுனியை ஒரு நெல் நீளத்துக்கு மட்டும் வெளியே இழுத்து, விரலால் முறுக்கிக் கூராக்கி ஏற்றுங்கள். அதற்கு மேல் நீட்டினால் புகையும், சுவரில் கரி படியும். அந்த இரண்டு நிமிட ஊறல் நேரத்தில் வேறு எதையும் செய்யாமல் திரியை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். வெள்ளைப் பஞ்சு அடியிலிருந்து மெல்ல நிறம் மாறி, பளபளப்பு நுனிக்கு ஏறி வருவது கண்ணுக்குத் தெரியும்.

மீதி ஐந்து நிமிடத்துக்குச் சிவபுராணம். மொத்தம் 95 அடி. மூச்சுக்கு ஓர் அடியாகச் சொன்னால் முழுதும் முடிய பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஆகும். நான்கு நிமிடத்தில் முடிகிறதென்றால் நாக்கு மட்டும்தான் பாராயணம் செய்திருக்கிறது. நேரம் இல்லையா? பத்து அடி போதும். நாளை அடுத்த பத்து. முழுதும் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் பலரை ஓட வைக்கிறது.

கோயிலில் வலம் வருவதற்கும் பழையவர்கள் ஒரு அளவு சொல்லி வைத்திருக்கிறார்கள்: நிறைமாதக் கர்ப்பிணி தலையில் எண்ணெய்க் குடம் வைத்து நடப்பது போல நடக்க வேண்டும். அடிக்கு அடி பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும். மூன்று சுற்றை ஓட்டமாக முடிப்பதைவிட இந்த நடையில் ஒரு சுற்று மேல்.

பழையபேட்டை பாய் (கிருஷ்ணகிரி)

ஐயா சொன்ன நாலு நிமிஷக் கணக்கு எங்க பக்கமும் அப்படியே பொருந்துது. தொழுகையில உடம்பு ஒவ்வொரு நிலையிலும் அடங்கி நிக்கணும். அதுக்குத் துமஅனீனான்னு பேர். ஷாஃபி மத்ஹப்ல (மார்க்கச் சட்ட வழியில) அது ருக்ன், அதாவது அடிப்படைத் தூண், விட்டா தொழுகையே சேராது. ஹனஃபி மத்ஹப்ல வாஜிப், அதாவது கட்டாயம். பள்ளிவாசல்ல வேகவேகமாத் தொழுது முடிச்ச ஒருத்தரை நபிகள் (ஸல்) "திரும்பப் போய்த் தொழுங்க, நீங்க தொழவே இல்ல"ன்னு மூணு தடவை அனுப்பினாங்கன்னு ஹதீஸ் இருக்கு. சுஜூதுல (நெத்தியைத் தரையில வெக்கிற நிலை) காக்கா கொத்துற மாதிரி கொத்தி எடுக்கக் கூடாதுன்னும் இருக்கு.

செய்முறை: ருகூவுல (குனிஞ்சு நிக்குற நிலை) முதுகு நேரானதுக்கு அப்புறம்தான் தஸ்பீஹை (இறைவனைத் துதிக்கிற சொல்லை) ஆரம்பிக்கணும். குனியும்போதே சொல்லத் தொடங்கி நிமிரும்போது முடிக்கிறதுதான் பெரும்பாலும் நடக்குற தப்பு. சுஜூதுல ஏழு உறுப்பு தரையில பட்டுச்சான்னு பாருங்க: மூக்கோட சேர்த்து நெத்தி, ரெண்டு கை, ரெண்டு முட்டி, ரெண்டு கால் விரல்கள். ஏழும் பட்டு நின்னதும் மூணு தஸ்பீஹ், ஒவ்வொண்ணையும் முழுசா. அதிகமா ஓடுறது எங்கன்னா, ரெண்டு சுஜூதுக்கு நடுவுல இருக்குற இருப்பு. முதுகு நிமிரறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடுவோம். வேற எதையும் மாத்த வேண்டாம், ஒரு வாரம் அந்த இருப்பை மட்டும் சரி பண்ணுங்க. மொத்தத் தொழுகையும் தானா நிதானமாகும். நாலு ரக்அத் (சுற்று) இருக்குற ஃபர்ளுக்கு (கடமையான தொழுகைக்கு) ஆறு, ஏழு நிமிஷம் பிடிக்கும். டீ இடைவேளையில அடங்கும்.

ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) ஆரம்பிச்சுடுச்சேன்னு வராண்டாவுல ஓடுறதும் கூடாது. அமைதியா நடந்து வந்து, கிடைச்சதைத் தொழுது, விட்டதைப் பூர்த்தி பண்ணணும். மூச்சு வாங்கிட்டே வந்து தக்பீர் கட்டினா (தொழுகையைத் தொடங்கினா) முதல் ரக்அத் முழுக்க மூச்சுதான் மனசுல இருக்கும்.

தொப்பூர் வளைவு (தர்மபுரி)

எல்லாரும் மூச்சு மூச்சுன்னே பேசுறீங்க. மெதுவா மூச்சு விட்டா சாமி கும்பிடாதவனுக்கும் மனசு அடங்கும். இதுல தெய்வம் எங்க வந்துச்சு?

இன்னொண்ணு. வண்டி ஓட்டிக்கிட்டே பக்திப் பாட்டுல கரையுறேன்னு சில பேர் கிளம்பிடுறாங்க. தொப்பூர் கணவாய் இறக்கத்துல கனமான லோடோட வர்ற வண்டி சின்ன கியர்ல இறங்கணும், நியூட்ரல் போடவே கூடாது, பிரேக்கை மட்டும் நம்பினா சூடேறி பிடிக்காமப் போயிடும். அங்க ரோட்டைத் தவிர எதுலயும் கரையக் கூடாது.

வேணும்னா லாரிக்காரங்களுக்கு ஒரு நேரம் நானே சொல்றேன். ஏர் பிரேக் வண்டியில இன்ஜின் போட்டதும் நகர்த்த முடியாது. மீட்டர்ல காத்து அழுத்தம் ஏறி, எச்சரிக்கை விளக்கு அணையணும். டேங்க் காலியா இருந்தா ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். அந்த நேரத்துல ஆக்சிலரேட்டரை உறும விடாம, ஸ்டீயரிங்ல கையை வெச்சு, முள் ஏறுறதைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காரலாம். ஊதுவத்தி ஏத்தி டேஷ்போர்டுல சொருகுறதுக்கு அது மேல்.

களித்துடுப்பு (காரிமங்கலம்)

சாமி எங்கன்னு கேட்டுட்டு நீங்களே வழியும் சொல்லிட்டீங்களே அண்ணா.

கோட்டைத்திண்ணை (தர்மபுரி)

தொப்பூர் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதை ஆறு, ஏழுக்குக் குறைத்து, வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக விட்டால் இதயத் துடிப்பு இறங்குகிறது. இது உடம்பின் வேலை, எந்தப் பக்தியும் இல்லாமலே நடக்கும். இதை நான் களம் பெருக்குவது என்பேன். ராகி அடிக்குமுன் களத்தைச் சாணம் தெளித்து மெழுகி வைக்கிறோம். மெழுகியதனால் ராகி விளைந்துவிடாது. மெழுகாத களத்தில் அடித்தால் தானியத்தோடு மண்ணும் கலந்துவிடும், அவ்வளவே. மூச்சு அடங்கியதும் "ஆகா, அமைதி" என்று அங்கேயே நின்றுவிட்டால் களத்தைப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போனது மாதிரி. அடங்கியதும் பேச வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "இங்கே இருக்கிறாய்" என்று சொன்னாலே போதும்.

கோவிலூர் மணியோசை

களித்துடுப்பு அக்கா, 17-ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல கார்மேல் சபைத் துறவிகளோட மடத்துச் சமையல்கட்டுல வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் நீங்க சொன்னதைத்தான் வாழ்க்கை முழுக்க செஞ்சார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவுலயும் நற்கருணை (கிறிஸ்துவின் உடலா வணங்குற அப்பம்) முன்னாடி முழந்தாள்ல இருக்குற அதே அமைதின்னு சொன்னவர். ஆனா அது வர அவருக்கும் பல வருஷம் ஆச்சு. அதை விட்டுட்டு முடிவை மட்டும் எடுத்துக்கக் கூடாது.

எங்க பக்கம் இருக்குற பழைய ஏற்பாடு மூவேளை செபம். காலை 6, நண்பகல் 12, மாலை 6-க்கு மணி அடிச்சா கையில இருக்குற வேலையை அப்படியே நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம். கம்பெனியில மணி கேக்காது, போன்ல அலாரம் வைக்கலாம். மூணாவது நாள்ல இருந்து கை தானா அலாரத்தை அணைச்சுட்டு வேலையைத் தொடரும். அதுதான் இதுல வர்ற கோளாறு. அதுக்கு ஒரு வழி: அலாரம் அடிச்சா உடம்பு நிலை மாறணும். உக்காந்திருந்தா எழுந்து நில்லுங்க. நின்னுட்டு இருந்தா கையில இருக்குற பொருளைக் கீழே வைங்க.

ரெண்டாவது, ஆன்ம சோதனை. இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் கொடுத்த அஞ்சு படி: நன்றி சொல்றது, பார்க்க வெளிச்சம் கேக்குறது, அந்த நாள் முழுக்க மணி மணியாத் திருப்பிப் பார்க்குறது, மன்னிப்பு கேக்குறது, நாளைக்கு என்னன்னு தீர்மானிக்கிறது. ரெண்டாம் ஷிப்ட் முடிச்சு ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி வர்றவங்களுக்கு இதை ஊர்க்கணக்குல பிரிக்கலாம். பத்தலப்பள்ளி வரைக்கும் நன்றி. பொதுவா "எல்லாத்துக்கும் நன்றி" வேண்டாம், மூணு விஷயத்தைப் பேர் சொல்லி: கேன்டீன்ல சூடா கிடைச்ச சாப்பாடு, மெஷின் நிக்காதது, ஒருத்தர் கொடுத்த தண்ணி. சூளகிரி வரைக்கும் அந்த நாளைத் திருப்பிப் பார்க்குறது. எந்த இடத்துல மனசு சுருங்குச்சு, எங்க விரிஞ்சுச்சுன்னு மட்டும் பாருங்க, தீர்ப்பு எழுத வேண்டாம். குருபரப்பள்ளிக்குள்ள மன்னிப்பும் நாளைக்கு ஒரே ஒரு தீர்மானமும். அதுக்கு அப்புறம் தூங்குங்க. முதல்லயே கண்ணை மூடினீங்கன்னா டோல்கேட் தாண்டித்தான் முழிப்பு வரும், அதனால திறந்த கண்ணோட ஜன்னலைப் பார்த்தபடியே செய்யுங்க.

இதுல தப்பு எங்க வருதுன்னா மூணாவது படி. அது தப்புப் பட்டியலா மாறிடும். தினம் ராத்திரி பதினொரு மணிக்கு தன்னைத்தானே விசாரணைக் கூண்டுல ஏத்துனா ரெண்டே வாரத்துல வெறுத்துடும். அதனாலதான் நன்றியை முதல் படியா வெச்சிருக்கு. அவசரம்னா அஞ்சாவதைக்கூட விடலாம், முதல் படியை விடக் கூடாது.

தீர்த்தமலை அடிவாரம் (அரூர்)

இடத்தைப் பத்தி யாரும் பேசலை. லீவு நாள்ல ஒரு மணி நேரம் கிடைச்சா எங்க போறதுன்னு சொல்றேன்.

அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் நல்ல இடம்தான். ஆனா தேய்பிறை அஷ்டமியில போய் அமைதி தேடாதீங்க. பூசணி விளக்கும் கூட்டமும்தான் இருக்கும், அது வேற மாதிரி பக்தி. அதே ஊர்ல சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்துல பழைய ஓவியங்கள் இருக்கு. எல்லாத்தையும் பார்க்காதீங்க. ஒரே ஒரு கட்டத்தை எடுத்து அஞ்சு நிமிஷம் பாருங்க. முதல் நிமிஷம் நிறம் மட்டும் தெரியும், அப்புறம் உருவம், அப்புறம் எந்தக் கை எதைப் பிடிச்சிருக்குன்னு ஒவ்வொண்ணா வரும். கழுத்து வலிச்சா தூண்ல சாஞ்சுக்கோங்க. போன் கேமராவை எடுத்தா முடிஞ்சது. கண்ணு பார்க்குறதை நிறுத்திடும், போனே பார்த்துக்கும்னு.

தீர்த்தமலைக்கு வெயிலுக்கு முன்னாடி ஏறணும். ஏழு மணிக்குள்ள அடிவாரத்துல இருங்க. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி, பிளாஸ்டிக் கவரைக் கையில தொங்க விடாதீங்க, குரங்கு பிடுங்கும். பேசிக்கிட்டே ஏறினா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா உக்காருவீங்க, உக்காந்தா போன் வரும். பேச முடியுற வேகத்துல, ஆனா பேசாம ஏறுங்க. மேல ராமர் தீர்த்தம் பாறை உச்சியில இருந்து விழுது. கோடையில மெலிஞ்சிருக்கும். எல்லாரும் ஓடிப்போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடுறாங்க. நனையுறதுக்கு முன்னாடி தள்ளி நின்னு, பாறை விளிம்புல ஒரு சொட்டு திரண்டு பிரியறதைக் கண்ணால பிடிச்சு, கீழ வர்ற வரைக்கும் கூடவே வாங்க. பத்துச் சொட்டு பார்த்துட்டு அப்புறம் நனைங்க.

ஓசூர்க்காரங்களுக்குச் சந்திரசூடேஸ்வரர் மலை பக்கத்துலயே இருக்கு. வண்டி மேல வரைக்கும் போகுதுன்னு வண்டியிலயே போகாதீங்க, படியில போங்க.

ரெண்டாம்ஷிப்ட் (ஓசூர்)

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரு கேள்வி. ஒருத்தர் இதெல்லாம் ஒழுங்கா ஒரு மாசம் பண்றார்னு வைங்க. முதல் வாரம் நல்லா இருக்கு. அப்புறம் ஒண்ணுமே தோணலை. வெறும் சுவரைப் பார்த்த மாதிரி இருக்கு. முறை தப்பா, ஆள் தப்பா?

கோவிலூர் மணியோசை

ரெண்டும் இல்ல. இதுக்கு வறட்சின்னே பேர் இருக்கு. இஞ்ஞாசியார் சொன்ன விதி: வறட்சியில இருக்கும்போது முன்னாடி எடுத்த முடிவை மாத்தாதே. ஏழு நிமிஷம்னு வெச்சிருந்தா ஏழு நிமிஷமே, முடிஞ்சா எட்டு. குறைக்காதே, வேற முறைக்கும் தாவாதே. தாவுறவங்க ஒவ்வொரு முறையிலயும் முதல் வாரத்தை மட்டும் அனுபவிச்சுட்டு வாழ்நாள் முழுக்க தொடக்கத்துலயே நிப்பாங்க.

கோட்டைத்திண்ணை (தர்மபுரி)

சைவத்தில் இறைவனுக்குத் தொழில் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவதைக் கவனியுங்கள். தெரியாமல் இருப்பதும் அவன் தொழில்தான். அருளலுக்கு முன்னால் அதை வைத்திருக்கிறார்கள். சுவர் மாதிரி இருக்கிறது என்றால் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து எழுந்து வாருங்கள். உணர்ச்சியை அளந்து பார்ப்பதை நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீரும். முளைத்ததா என்று தினமும் விதையைத் தோண்டிப் பார்க்கிற வேலை அது.

நெறியாளர்

நல்ல இழை, ஒரு சொல் மட்டும். வறட்சி வேறு, மனச்சோர்வு வேறு. பிரார்த்தனையில் மட்டும் சுவையில்லை, சாப்பாடும் தூக்கமும் வேலையும் சரியாக இருக்கின்றன என்றால் மேலே பெரியவர்கள் சொன்னது பொருந்தும். எதிலுமே பிடிப்பில்லை, தூக்கம் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகிறது, வாழ்வதே பாரம் என்ற எண்ணம் வருகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெடுகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தை வெட்டித் தியான நேரம் எடுக்க வேண்டாம்.

ரெண்டாம்ஷிப்ட் (ஓசூர்)

புரிஞ்சுது. கடைசியா ஒரு சின்ன சந்தேகம், கோட்டைத்திண்ணை ஐயாவுக்கு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ஏழு மணிக்கு வீடு வந்து விளக்கு ஏத்தினா, எரியுற விளக்கை விட்டுட்டுத் தூங்கப் போறது ஆபத்து. ஏத்தின உடனே அணைக்கவும் மனசு வராது. என்ன பண்றது?

கோட்டைத்திண்ணை (தர்மபுரி)

எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். விளக்கே கடிகாரமாகிவிடும். மண் அகல் புதிதென்றால் முதலில் சில மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும். பித்தளை என்றால் அந்தத் தொல்லை இல்லை. மெல்லிய ஒற்றைத் திரி, அது ஊறி நனைந்த பிறகு மேலே அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய். எவ்வளவு நேரம் எரிகிறது என்பது திரியின் தடிமனைப் பொறுத்தது. ஒரு லீவு நாளில் பக்கத்திலேயே இருந்து பார்த்து, உங்களுக்கு வேண்டிய நேரத்துக்கு எத்தனை சொட்டு என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றும் வற்ற விடாதீர்கள், திரி கருகிப் புகையும். சுடர் குட்டையாகி நுனியில் சிவப்பு தெரியத் தொடங்கியதும் ஒரு பூவின் காம்பால் திரியை எண்ணெய்ப் பக்கம் இழுத்துக் குளிர வையுங்கள். வாயால் ஊத வேண்டாம். பிறகு போய்ப் படுங்கள்.